பெஸ்ஸோ என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழில் பிடிக்கும் வழி

பழைய கிரேக்க மொழியில் பெஸ்ஸோ என்று ஒரு வினைச்சொல் உண்டு. சின்ன அகராதிகளில் 'சமைக்கிறேன்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதை நம்பிக்கொண்டு, இலியட், ஒடிசி என்ற இரண்டு காவியங்களைப் பாடிய ஹோமரைத் திறந்தால், மேல்காற்று (மேற்கேயிருந்து வீசும் காற்று) தோட்டத்துப் பழங்களைச் சமைக்கும்; பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் துக்கத்தைச் சமைப்பாள்; கப்பலடியில் கோபித்துக்கொண்டு கிடக்கும் கிரேக்க வீரன் அக்கிலிஸ் கோபத்தைச் சமைப்பான். அரிஸ்டாட்டிலைத் திறந்தால் வயிறே சமைக்கும். ஒன்றும் விளங்காது. ஆனால் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இந்தச் சொல் கஷ்டமாக இருக்க வேண்டியதே இல்லை. இதன் ஒவ்வொரு பொருளுக்கும் நம் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல் இருக்கிறது. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்தவள். செரிமான மண்டலம் நடத்தும்போது பெப்சின், பெப்டைடு, பெப்டிக் அல்சர், டிஸ்பெப்ஸியா என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் 'பெப்' இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் கிரேக்கத்துக்குள் வந்தேன். எங்கள் திருச்சபைச் சேகரத்தில் இருந்த ஐயர் (போதகர்) இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர். எழுத்தும் அடிப்படை இலக்கணமும் அவர் சொல்லிக்கொடுத்தார். மற்றதெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டது. மருத்துவம், உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், சொல்மேல் ஆசை உள்ள யாருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் சொல்லை அடையாளம் காணுங்கள்

கிரேக்க எழுத்தில் பை, எப்சிலான், இரண்டு சிக்மா, கடைசியில் ஒமேகா. இதுதான் பெஸ்ஸோ. ஏதென்ஸ்காரர்கள் இரண்டு சிக்மாவுக்குப் பதில் இரண்டு டௌ போட்டுப் பெத்தோ என்பார்கள். பிற்காலத்து நூல்களில் பெப்தோ என்று வரும். மூன்றும் ஒரே சொல்தான். எதிர்காலத்தில் அது பெப்ஸோ ஆகும். அங்கே 'ப்ஸ்' என்ற ஒலிக்குக் கிரேக்கத்தில் ப்ஸை என்று தனி எழுத்தே உண்டு. பெயர்ச்சொல் பெப்ஸிஸ். பழுத்தது என்பதற்குப் பெபோன். செரிக்காமை அபெப்ஸியா.

புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் இறந்தகாலம். கிரேக்கத்தில் நடந்து முடிந்ததைச் சொல்ல வினையின் முன்னால் 'எ' சேர்ப்பார்கள். எபெஸ்ஸெ என்றால் 'சுட்டுக்கொண்டிருந்தாள்', எபெப்ஸென் என்றால் 'சுட்டான்'. இந்தச் சொற்களை அகராதியில் எப்சிலான் வரிசையில் தேடினால் கிடைக்காது. முன்னால் இருக்கும் எகரத்தைக் கழற்றிவிட்டுப் பை வரிசைக்குப் போக வேண்டும். இன்னொன்று: தமிழ் அகராதி 'சமைத்தல்' என்று தொழிற்பெயராகக் கொடுக்கும், கிரேக்க அகராதி 'நான் சமைக்கிறேன்' என்ற தன்மை ஒருமையைத் தலைச்சொல்லாக வைக்கும். அதனால்தான் பெரும்பாலான வினைகள் ஓகாரத்தில் முடிகின்றன.

அகராதிக்கு நான் சொல்வது லிடெல், ஸ்காட் இருவரும் தொகுத்தது. முதல் பதிப்பு 1843இல் ஆக்ஸ்போர்டில் வந்தது. பிற்பாடு ஜோன்ஸ் திருத்திய பெரிய பதிப்பைத்தான் இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியூஸ் தளத்தில் இலவசமாக இருக்கிறது. மூல நூலில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் வேர்வடிவத்தைக் காட்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகெயோன் தளம் செல்போனில் பார்க்கச் சௌகரியமானது. அந்தப் பெரிய அகராதி நேர்மையாக ஒரு வேலை செய்திருக்கிறது. பெஸ்ஸோவுக்கு நேரே 'சமை' என்று போடவில்லை. வெப்பத்தால் இளக்குவது, பழுக்கவைப்பது, மாற்றுவது என்ற பொதுப்பொருளை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வெயிலின் வேலை, நெருப்பின் வேலை, வயிற்றின் வேலை என்று பிரிக்கிறது. நாமும் அந்த வழியிலேயே போகலாம்.

மூன்று கேள்விகள்

பெஸ்ஸோ வருகிற வாக்கியத்தில் முதலில் மூன்று விஷயம் பாருங்கள். சூடு எங்கிருந்து வருகிறது? அந்தச் சூடு எதன்மேல் படுகிறது? பட்ட பிறகு அது என்னவாகிறது? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் தமிழ்ச்சொல் தானாக வந்து நிற்கும்.

ஒடிசியின் ஏழாம் பகுதியில் அல்கினூஸ் அரசனின் தோட்டம் வருகிறது. பேரி, மாதுளை, ஆப்பிள், அத்தி, ஒலிவம் எல்லாம் வருஷம் முழுக்கக் காய்க்கும் தோட்டம். மேல்காற்று எப்போதும் வீசி, சிலவற்றைத் தளிர்க்கச்செய்கிறது, மற்றவற்றை 'பெஸ்ஸெய்' (பெஸ்ஸோவின் படர்க்கை வடிவம்) என்கிறார் ஹோமர். சூடு வெயிலிலும் இதமான காற்றிலும் இருக்கிறது, படுவது காயின்மேல், ஆவது கனி. ஆகவே 'பழுக்கவைக்கிறது'. (நம்மூர் மேல்காற்று ஆனி ஆடியில் வாழையைச் சாய்த்துவிட்டுப் போகும். அல்கினூஸ் தோட்டத்துக் காற்று கொஞ்சம் தன்மையானது.)

அடுத்தது அப்பம். வரலாறு எழுதிய ஹெரடோட்டஸ் தன் எட்டாம் புத்தகத்தில், மாசிடோனிய அரச வம்சம் எப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு கதை சொல்கிறார். அண்ணன் தம்பி மூன்று பேர் ஆர்கோஸ் நகரத்திலிருந்து தப்பி வந்து, ஓர் அரசனிடம் கூலிக்கு ஆடுமாடு மேய்க்கிறார்கள். அந்தக் காலத்தில் அரசர்களுக்கும் பெரிய வசதி கிடையாது. அரசனின் மனைவியே வேலைக்காரர்களுக்கு உணவு தயாரிக்கிறாள். அங்கேதான் எபெஸ்ஸெ வருகிறது. கடைக்குட்டி பெர்டிக்கஸுக்கு வைக்கும் அப்பம் மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு பங்காக உப்பிவிடுகிறது. அரசன் பயந்துபோய் மூவரையும் வெளியே அனுப்புகிறான். இங்கே சூடு அடுப்பில், படுவது மாவில், ஆவது அப்பம். 'சுட்டாள்' என்று போட்டால் போதும். நாமும் தோசையைச் சுடுகிறோம், பணியாரத்தைச் சுடுகிறோம், ஆப்பத்தைச் சுடுகிறோம். மாவைச் சூடுகாட்டி உண்ணும் பண்டமாக்குகிற எதற்கும் நமக்குச் 'சுடு'தான்.

இதே பொருள் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் கிடைக்கும். ஆதியாகமம் 19ஆம் அதிகாரத்தில் லோத்து தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குப் புளிப்பில்லாத அப்பம் செய்கிற இடத்தில் எபெப்ஸென். லேவியராகமம் 26ஆம் அதிகாரத்தில் பத்துப் பெண்கள் ஒரே அடுப்பில் அப்பம் சுடுவார்கள் என்று பஞ்சத்தைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் இதே வினை. வேதத்தில் ஊறிய நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த இரண்டு வசனமும் நல்ல பிடிமானம்.

மூன்றாவது வயிறு. உடம்புக்குள் இயல்பாகவே ஒரு சூடு இருக்கிறது, தின்றதை அந்தச் சூடு இரண்டாம் தடவை பதப்படுத்துகிறது என்று கிரேக்க மருத்துவர்கள் நினைத்தார்கள். அதனால் செரிமானத்துக்கும் பெப்ஸிஸ் என்றே பெயர். இந்த இடத்துக்கு 'ஜீரணம்' என்று எழுதலாம், 'செரிமானம்' என்று எழுதலாம். எனக்கு நம் பக்கத்துச் சொல்லான 'செமி'தான் பிடிக்கும். 'மத்தியானம் சாப்பிட்டது இன்னும் செமிக்கலை' என்று சொன்னால் அபெப்ஸியா முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. 1836இல் தியோடர் ஷ்வான் இரைப்பைச் சாற்றிலிருந்து புரதத்தைச் சிதைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தபோது பெப்சின் என்று பெயர் வைத்தது இந்தச் சொல்லிலிருந்துதான். பெப்சின் வேலை செய்வது அமிலத்தின் துணையோடு. வயிற்றில் அடுப்பு எதுவும் எரியவில்லை. விளக்கம் மாறிவிட்டது, பெயர் மட்டும் பழைய அடுப்பைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1898இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கடைக்காரர் தன் பானத்துக்குப் பெப்சி கோலா என்று பெயர் சூட்டியதும் டிஸ்பெப்ஸியா என்ற சொல்லை வைத்துத்தான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அன்றைக்குப் பாடம் மறக்காது.

துக்கத்தை என்ன செய்வது

நான்காவது பொருள்தான் மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்துவிடும். இலியட்டின் கடைசிப் பகுதி. மகன் ஹெக்டரின் உடலை வாங்கிப்போக, டிராய் நகரத்து அரசரான கிழவர் பிரியம் தன் மகனைக் கொன்ற அக்கிலிஸின் கூடாரத்துக்கே வருகிறார். சாப்பிடுங்கள் என்று அக்கிலிஸ் சொல்கிறான். அதற்காக நியோபியின் கதையைச் சொல்கிறான். பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒருசேரப் பறிகொடுத்தவள். அவளும்கூட அழுது ஓய்ந்தபிறகு சாப்பாட்டை நினைத்தாள் என்கிறான். இப்போது அவள் சிபிலஸ் மலையில் கல்லாக நிற்கிறாள். கல்லாகியும் தெய்வங்கள் கொடுத்த துக்கங்களை 'பெஸ்ஸெய்' என்று முடிக்கிறான். கொஞ்சம் தள்ளிப் பிரியமும் அதையே தன்னைப் பற்றிச் சொல்கிறார்: மகன் செத்த நாளிலிருந்து கண் மூடவில்லை, எண்ணில்லாத துக்கங்களைப் பெஸ்ஸோ.

ஆங்கிலத்தில் இதை 'அடைகாக்கிறாள்' என்ற பொருளில் மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அதில் சூடு இருக்கிறது, சரிதான். ஆனால் வலி இல்லை. தமிழில் 'துக்கத்தைச் சமைக்கிறாள்' என்றால் அபத்தம். 'சீரணிக்கிறாள்' என்றால் ஏதோ துக்கம் தீர்ந்துபோனமாதிரி ஆகிவிடும். நியோபிக்குத் தீரவே இல்லை. நான் எடுத்துக்கொள்கிற சொல் 'புழுங்கு'.

நெல் அவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஊறவைத்த நெல்லை அண்டாவில் போட்டு மூடி, அடியில் தீ எரிப்பார்கள். தீ நெல்லைத் தொடாது. ஆவி மட்டும் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். மூடியைத் திறந்தால் உமி இலேசாக வாய் பிளந்திருக்கும், உள்ளே அரிசி நிறம் மாறி இறுகியிருக்கும். அதுதான் புழுங்கல். வெளியே இருந்து பார்த்தால் நெல் நெல்லாகவேதான் இருக்கும். 'மனசு கிடந்து புழுங்குது' என்று நாம் சொல்வது இந்த அடுப்பிலிருந்து வந்த பேச்சு. வெளியே கல், உள்ளே வெக்கை. நியோபிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியாது. 'கல்லாகியும் துக்கத்தில் புழுங்குகிறாள்.' பிரியமும் புழுங்குகிறார்.

அதே காட்சியில் இன்னொன்றைக் கவனியுங்கள். நியோபியின் கதையைச் சொல்லி முடித்ததும் அக்கிலிஸ் எழுந்து ஒரு வெள்ளை நிறச் செம்மறியை அறுக்கிறான். தோழர்கள் உரித்து, துண்டுபோட்டு, கம்பியில் குத்திச் சுடுகிறார்கள். அந்தச் சுடுதலுக்கு ஹோமர் பெஸ்ஸோவைப் போடவில்லை. ஒப்தாவோ என்ற வேறு வினையைப் போடுகிறார். சில அடிகளுக்கு முன் துக்கத்துக்கு ஒரு வினை, இப்போது கறிக்கு வேறு வினை. இதைப் பார்த்தபிறகுதான், பெஸ்ஸோவை வெறும் 'சமை' என்று வைத்துக்கொண்டு ஹோமருக்குள் போகவே கூடாது என்பது உறுதியாகும்.

பெஸ்ஸோ வராத இடங்கள்

ஒரு சொல்லைச் சரியாகப் பிடிக்க, அது எங்கே வராது என்பதும் தெரிய வேண்டும். நெருப்பில் நேராக வாட்டிச் சுடுவதற்கு ஒப்தாவோ. தண்ணீரில் வேகவைப்பதற்கும் காய்ச்சுவதற்கும் ஹெப்ஸோ. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மூதுரைப் பாட்டில் இந்த இரண்டும் கச்சிதமாக இருக்கின்றன: பாலை 'அட்டாலும்', சங்கைச் 'சுட்டாலும்'. அடுதல் ஹெப்ஸோ, சுடுதல் ஒப்தாவோ. அடு என்ற வினை பேச்சில் போய்விட்டது. அடுப்பு, அடுக்களை போன்ற சொற்களில் மிஞ்சியிருக்கிறது.

அப்பம் மட்டும் கொஞ்சம் குழப்பும். ஹெரடோட்டஸ் சொன்ன கதையிலேயே, உணவு தயாரித்தாள் என்பதற்குப் பெஸ்ஸோவும், அப்பம் சூட்டில் வேகும்போது என்பதற்கு ஒப்தாவோவும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. முழு வேலைக்கும் பெஸ்ஸோ, சூடுகாட்டும் கணத்துக்கு ஒப்தாவோ என்று நான் வாசிக்கிறேன். தமிழில் முதலாவதற்குச் 'சுட்டுக்கொடுத்தாள்', இரண்டாவதற்கு 'வேகும்போதெல்லாம்' என்று மாற்றிப் போட்டால் வித்தியாசம் தெரியும்.

ஹெப்ஸோவைச் சொல்லும்போது ஹெப்ஸேமாவைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. திராட்சைச் சாறு புளிக்கும் முன்பே அதைக் காய்ச்சிச் சுண்டவைத்த இனிப்புக் குழம்பு அது. மூன்றில் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சுவது என்று ரோமாபுரியின் பிளினி எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் என் சித்தி வீட்டு விடிலிதான் (பதநீர் காய்ச்சும் குடிசை) கண்ணில் வந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் புளிக்காது. அதை அகலமான பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது இடித்த ஆமணக்கு முத்தில் ஒரு துளி போட்டால் அப்படியே அடங்கும். நிறம் தேனாகி, அப்புறம் செம்மண்ணாகி, துடுப்பில் கனம் ஏறும். இப்போது இறக்கலாமே என்று கேட்டால் சித்தி விடமாட்டாள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். "ஏட்டி, இன்னும் பதம் வரலை. இப்பம் ஊத்துனா செரட்டையிலேயே இளகிக் கெடக்கும்" என்பாள். உருட்டினது உருண்டையாக நின்றால்தான் மண்ணில் வரிசையாகப் பதித்துவைத்த சிரட்டைகளில் ஊற்றுவாள். சித்தி பார்த்த அந்தப் பதம்தான் அரிஸ்டாட்டில் நூலாக எழுதிய விஷயம்.

அரிஸ்டாட்டில் வகுத்த கணக்கு

மெட்டியோரோலோகிகா என்ற அவருடைய நூலின் நான்காம் புத்தகத்தில் பெப்ஸிஸுக்கு இலக்கணம் சொல்கிறார். ஒரு பொருள் அதற்கே உரிய இயல்பான வெப்பத்தால் நிறைவு அடைவது பெப்ஸிஸ். அடுப்பு அதற்கு ஒரு துணை மட்டும். இந்தப் பெப்ஸிஸ் மூன்று வகை: பெபன்ஸிஸ் என்ற பழுத்தல், ஹெப்ஸேஸிஸ் என்ற வேகுதல், ஒப்தேஸிஸ் என்ற சுடுதல். சமையல்காரன் செய்வது இயற்கை செய்வதைப் பார்த்துச் செய்வதுதான் என்பது அவர் கருத்து.

பழுத்தலுக்கு அவர் வைக்கும் எல்லை ஓர் உயிரியல் ஆசிரியையாக எனக்கு ரொம்பப் பிடித்தது. பழம் தித்தித்தால் போதாது. உள்ளே இருக்கும் விதை இன்னொரு செடியை உண்டாக்கும் தகுதிக்கு வந்தால்தான் பழுத்தல் நிறைவு. கட்டி பழுப்பதையும் சளி முற்றுவதையும்கூட இந்தப் பெயரால் சொல்வார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். 'கட்டி பழுத்து உடைஞ்சிருச்சு' என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

வேகுதலுக்கு அவர் காட்டும் பொருள்களில் பாலும் திராட்சைச் சாறும் இருக்கின்றன. சுடுவதைப் பற்றி ஒரு நுணுக்கம் சொல்கிறார்: கையால் செய்யும்போது வேகவைப்பதைவிடச் சுடுவது கடினம், ஏனென்றால் உள்ளும் புறமும் ஒரே சீராகச் சூடேறாது, நெருப்புப் பக்கம் முதலில் காய்ந்துவிடும். பனங்கிழங்கில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பொங்கல் சமயத்தில் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கு யார் அவித்தாலும் ஓரளவு ஒன்றுபோலத்தான் இருக்கும். சுட்ட கிழங்கு அப்படி அல்ல. தணலைவிட்டு அங்கே இங்கே நகராமல் புரட்டிக்கொண்டே இருக்கத் தெரிந்த கை வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பதமும் தருகிறார். மொழிபெயர்ப்பவர்களுக்கு இவை பொக்கிஷம். பழுக்காத நிலைக்கு ஓமோத்தேஸ்: நமக்குக் 'காய்', 'பச்சை'. சரியாக வேகாததற்கு மொலுன்ஸிஸ்: நமக்கு 'அரைவேக்காடு', ஆளையும் அப்படிச் சொல்வோம். மேலே தீய்ந்து உள்ளே வேகாததற்கு ஸ்டதெவ்ஸிஸ்: நமக்குக் 'கருகல்'. நம்மிடம் நான்காவதாக ஒன்று கூடுதலாக இருக்கிறது. காய் முற்றுவதற்குள்ளேயே வெயிலுக்கு நிறம் மட்டும் மாறி விழுந்துவிடுவதை 'வெம்பிப்போச்சு' என்கிறோம். சூடு பட்டும் நிறைவு வரவில்லை என்பதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

இத்தனைக்கும் பொதுவாக, பெப்ஸிஸை ஒரே தமிழ்ச்சொல்லில் சொல்லியாக வேண்டிய இடம் அரிஸ்டாட்டிலில் வரும். அங்கே நான் தயங்காமல் 'பக்குவம்' என்று எழுதுவேன். சோற்றின் பக்குவம், பழத்தின் பக்குவம், பெண் பிள்ளை பக்குவமானது, மனப்பக்குவம் எல்லாவற்றுக்கும் நாம் அந்த ஒரு சொல்லைத்தானே பயன்படுத்துகிறோம்.

உறவுமுறையும் ஓர் எச்சரிக்கையும்

பக்குவம் என்ற சொல் இவ்வளவு அழகாகப் பொருந்துவது தற்செயல் அல்ல. பக்குவம் வடமொழிப் பக்வ என்பதிலிருந்து வந்தது. அந்தப் பக்வவும் கிரேக்கப் பெஸ்ஸோவும் ஒரே வேரில் பிறந்தவை. மொழியியலாளர்கள் அந்த வேரைப் பெக்வ் என்பதுபோல மீட்டெடுக்கிறார்கள். அதன் கடைசி ஒலி கிரேக்கத்தில் ஓரிடத்தில் பகரமாகவும் ஓரிடத்தில் இரட்டை ஸகரமாகவும் மாறியது. வடமொழியில் ககரமாகவும் சகரமாகவும் நின்றது. நளபாகத்தில் இருக்கும் பாகமும் அதே வேர். இலத்தீனில் அது கோக்வோ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் குக்கராகவும், இரண்டு தடவை சுட்டது என்ற பொருளுடைய பிஸ்கட்டாகவும் நம் அடுக்களைக்கு வந்திருக்கிறது.

இங்கே நிதானம் வேண்டும். உறவு வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும்தான். தமிழ் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டது, தன் வழியில் வளர்த்தது. தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளும் தனிக் குடும்பம் என்பதை விரிவாக எடுத்துக்காட்டிய ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், நம் இடையன்குடியில் குடியிருந்தவர்தான். அந்த மண்ணில் இருந்துகொண்டு, காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது என்பதற்காகப் பெஸ்ஸோவையும் பிசைவதையும் முடிச்சுப் போடுவது நமக்கு அழகல்ல. கிரேக்கத்துக்குள்ளேயேகூட ஏமாற்றும் சொல் உண்டு. பெபெரி என்று பார்த்ததும் பெப்ஸிஸ் குடும்பம் என்று தோன்றும். அது மிளகு. இந்தியாவிலிருந்து சரக்கோடு போன சொல்; திப்பிலியைக் குறிக்கும் பிப்பலியிலிருந்து வந்தது. ஆனால் பெபோன், அதாவது நன்றாகப் பழுத்தபிறகே தின்னும் ஒருவகைக் கொடிக்காய், பெஸ்ஸோவின் சொந்தப் பிள்ளைதான். ஆங்கிலத்தில் பூசணிக்கு வழங்கும் பம்ப்கின் அதன் வழியில் வந்தது. ஆக, ஒலியை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அகராதியில் வேர் என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

இலியட்டின் முதல் பகுதியில் குறிசொல்லும் கால்காஸ், உண்மையைச் சொன்னால் அரசன் அகமெம்னானுக்குக் கோபம் வரும் என்று பயப்படுகிறான். அரசன் அன்றைக்கே அந்தக் கோபத்தைக் 'கதபெப்ஸே' செய்தாலும், பிற்பாடு பழிதீர்க்கும்வரை வன்மத்தை நெஞ்சில் வைத்திருப்பான் என்கிறான். பெஸ்ஸோவுக்கு முன்னால் 'கத' ஒட்டியிருக்கிறது. கீழே என்று பொருள், முழுவதும் என்றும் பொருள் தரும். மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சூடு உள்ளே இருக்கிறது. படுவது கோபத்தின்மேல். என்னவாகிறது என்ற மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது: இந்தக் கோபம் அன்றைக்கே அடங்கிவிடுகிறது. நியோபியின் துக்கம் அடங்கவில்லை, அதனால் அவளுக்குப் 'புழுங்கு' சரியாக இருந்தது. அகமெம்னானுக்கு அது ஒத்துவராது. கப்பலடியில் நாள்கணக்காகக் கோபத்தை வைத்துக்கொண்டிருந்த அக்கிலிஸுக்கு வேண்டுமானால் புழுங்கு போடலாம். அரசனுக்கு நான் போட்டிருப்பது இது: 'இன்றைய கோபத்தை இன்றைக்கே விழுங்கிச் செமித்தாலும், வன்மம் நெஞ்சிலேயே கிடக்கும்.'